செந்தூல்: வளர்ந்த மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு வேண்டி மீண்டும் ஒரு மனு

பெறுநர்: சமூகநல அதிகாரி அவர்கள், கோலாலம்பூர்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையை முன்பும் எழுதிக் கொடுத்தோம், பதில் வரவில்லை. செந்தூல் பாசாரும் எங்கள் அடுக்குமாடி புளோக்குகளும் தாங்கள் அறிந்தவையே. நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

1. எங்கள் பிள்ளைகளுக்குச் சிறப்புக் கல்வி வகுப்பு 19 வயதோடு முடிந்தது. அப்புறம் வீடுதான். என் மகனுக்கு இப்போது 26. நீலத் தாள் ஒரு ரிங்கிட், பச்சை ஐந்து, சிவப்பு பத்து என்று ஆசிரியை பொறுமையாகப் பழக்கியிருந்தார். தனியாகக் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி, மீதிச் சில்லறையோடு வருவான். இன்று கையில் அகப்படும் தாளை நீட்டுகிறான். பழக்கம் விட்டுப்போனால் மறந்துவிடும் பிள்ளைகள் ஐயா இவர்கள். நான் துப்புரவு வேலைக்குக் கிளம்பும்போது கிரில் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போகிறேன். லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பானாம். எதிர்வீட்டு அக்கா சொல்கிறார். தீப்பிடித்தால் எப்படி வெளியே வருவான்? பெற்ற பிள்ளையைப் பூட்டிவைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? வேலைக்குப் போகாவிட்டால் வாடகை யார் கட்டுவது?

2. ஓர் இடத்தில் சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைத்து வண்ணம் தீட்டச் சொன்னார்கள். மீசை முளைத்தவனுக்கு அதுவா தேவை? சோறு வடிக்க, ரயில் ஏறி இறங்க, எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் சொல்லத் தெரிய வேண்டும்.

3. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், 28ஆம் பிரிவு, கல்வி வாய்ப்பில் வாழ்நாள் கல்வியையும் சேர்த்தே சொல்கிறது. வீட்டுக்குப் பக்கத்திலேயே பயிற்சி கிடைக்கட்டும் என்றுதான் 1984இல் திரங்கானு, பத்து ராக்கிட்டில் பிடிகே என்ற சமூக மறுவாழ்வுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். செந்தூலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்து இடம் எங்கே ஐயா? ஓகேயூ என்ற மாற்றுத்திறனாளி அட்டை கொடுத்தால் போதுமா? பதில் ஒரு வரிகூட எழுத முடியாதா?

4. எங்கள் அடுக்குமாடியின் மண்டபம் கீழ்த்தளத்திலேயே இருக்கிறது, பகலில் பூட்டியே கிடக்கிறது. அதைத் திறந்துவிட்டு, பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஒரு பயிற்றுநரை அனுப்புங்கள். வாரம் இரண்டு நாள் போதும். சமையல் சாமான், பாய், மேசை எல்லாம் நாங்களே கொண்டுவருகிறோம். முறைவைத்து உடன் இருக்கவும் தயார்.

தயவுசெய்து ஒருமுறை நேரில் வந்து பாருங்கள். பகலில் வாருங்கள், நாங்கள் வேலையில் இருக்கும் நேரத்தில். வகுப்பு எப்போது தொடங்கும் என்று எழுத்தில் பதில் கொடுங்கள். மீண்டும் கேட்டுக்கொள்கிறோம், பதில் கொடுங்கள்.

இப்படிக்கு,
செந்தூல் அடுக்குமாடிப் பெற்றோர் சார்பில்,
ஒரு தாய்