பச்சை மாத்திரை

திருமங்கலம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தாயி,

அப்பா எழுதுகிறேன். போன் போட்டால் ‘ம்’, ‘சரிப்பா’ என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் பேப்பர். அம்மாவுக்கு பிரஷர் பரவாயில்லை. சின்னவன் அரியரெல்லாம் முடித்துவிட்டான். கொல்லை முருங்கை காற்றில் ஒடிந்து விழுந்துவிட்டது.

சின்னவனிடம் பாதம் மதமதவென்று இருக்கிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாயாம். என்னிடம் சொல்லத் தோன்றவில்லை. ஊரே கால் மதமதப்புக்கு என் மருந்துக் கடையில் வந்து நின்றது. பெற்ற பிள்ளைக்கு நான் மூன்றாம் மனுஷன். போகட்டும். கறி, மீன், முட்டையோடு பால் தயிரையும் விட்டாயிற்று, அதற்குப் பதில் சுருள்பாசி மாத்திரை, அதுதான் ஸ்பைருலினா, என்றும் சொன்னான். ஏன் விட்டாய், யார் சொல்லி விட்டாய் என்று கேட்க மாட்டேன். மாத்திரையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

அதை நான் குறை சொல்லவில்லை. மதுரைக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் வளர்ப்பதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஆழமில்லாத தொட்டி, சோடா உப்புக் கலந்த காரத் தண்ணீர். கரும்பச்சையாகத் திரண்டதும் துணியில் வடிகட்டி, கனம் வைத்து அழுத்தி, சேவை நாழியில் பிழிந்து உலர்த்துகிறார்கள். காய்ந்த இழை ஒன்றை ஒடித்து வாயில் போட்டேன். கருவாட்டுப் பானையைத் திறந்த வாடை. ஆப்பிரிக்காவில் சாட் ஏரிக்கரைப் பெண்கள் இதை அள்ளி, மணலில் உலர்த்தி, குழம்பில் கரைத்துத் தலைமுறையாகச் சாப்பிடுகிறார்கள். நல்ல பொருள்தான்.

காய்ந்த தூளில் நூற்றுக்கு 60 பங்கு புரதம். பாட்டிலில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். நீ கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள், போட்டுப் பார். 500 மில்லிகிராம் மாத்திரை ஆறு விழுங்கினால் 3 கிராம். அதில் புரதம் 2 கிராம்கூடத் தேறாது. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. முட்டை வேண்டாமென்றால் ஒரு கிண்ணம் சுண்டல் அவித்துச் சாப்பிடு. ஆறு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ராத்திரிச் சாப்பாட்டை விடுகிறாயாமே, இது எந்த ஊர்க் கணக்கு?

அதைவிட முக்கியம் வைட்டமின் பி12. ‘பி12 நிறைந்தது’ என்று விற்பார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் போலி பி12, நம் உடம்புக்கு உதவாதது. நிஜமானது கறி, மீன், முட்டை, பாலில்தான் இருக்கிறது. அதையெல்லாம் விட்டவர்கள் பி12 மாத்திரை தனியாகப் போட்டே ஆகவேண்டும். ஈரலில் கொஞ்சம் சேமிப்பு இருப்பதால் ரொம்ப நாளைக்குக் குறை தெரியாது. பிறகு சோர்வு, மூச்சிரைப்பு, பாதத்தில் மதமதப்பு. அப்படியே விட்டால் நரம்பு பழையபடி ஆகாமலே போகலாம். அதனால் ரத்தம் டெஸ்ட் பண்ணு. பி12, ஹீமோகுளோபின், சுகர், தைராய்டு நான்கும் பார். என்னென்ன சாப்பிடுகிறாய் என்பதை டாக்டரிடம் மறைக்காதே. ஊசி போடச் சொன்னால் போட்டுக்கொள்.

பாட்டிலில் 14 இலக்க உணவு லைசென்ஸ் நம்பர் இருக்கிறதா என்று பார். ஏரியில் அள்ளுகிற நீலப்பச்சைப் பாசி என்று வேறொன்று விற்கிறார்கள், அதைத் தொடாதே. விஷப்பாசி கலந்து வந்தால் ஈரலுக்கு ஆபத்து. உன்னைப் பார்த்து உங்கள் அத்தையும் சுருள்பாசி மாத்திரை வாங்கப் போகிறாளாம். முடக்குவாதத்துக்கு மருந்து சாப்பிடுகிறவள், டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. நீ சொன்னால் கேட்பாள், நான் சொன்னால் சண்டைக்கு வருவாள்.

உனக்குப் பதவி உயர்வு வந்ததைப் பக்கத்து வீட்டுப் பையன் சொல்லித்தான் தெரியும். ஆனாலும் கடைவீதி முழுக்கச் சொல்லிவிட்டேன். அவ்வளவு பேருக்கு மேல் வேலை பார்க்கிற பெண், ஒரு ரத்தப் பரிசோதனைக்கு நேரமில்லை என்றால் யார் நம்புவார்கள்?

சோழவந்தான் விஷயம் முடிந்துபோனது. அவர்கள் வேறு இடத்தில் நிச்சயம் பண்ணிவிட்டார்கள். இனி இந்த வீட்டில் யாரும் அதை எடுக்க மாட்டார்கள், உன் அம்மா உட்பட. சித்திரைத் திருவிழாவுக்கு அதற்குப் பயந்துதான் வரவில்லை என்றால், அடுத்த தடவை பயப்படாமல் வா.

ரத்தம் டெஸ்ட் பண்ணு. வெறும் வயிற்றில் போ. ரிசல்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, பேச வேண்டாமென்றால் போட்டோ மட்டும் போதும்.

அம்மா பருப்புப்பொடியும் எள்ளுருண்டையும் செய்து வைத்திருக்கிறாள். நெய் ஒரு சொட்டுக்கூடச் சேர்க்கவில்லை. வீடு மாறிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன், புது அட்ரஸை அனுப்பு. பகலில் நீ ஆபீஸில் இருப்பாய், அப்போது வீட்டில் பார்சலை வாங்க யார் இருப்பார்கள் என்று பெயரும் போன் நம்பரும் போடு. கூரியர்காரர் கேட்பார்.

அப்பா