செங்கோட்டையில் வேடிக்கை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சுதந்திர தினத்தை ஒட்டி, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீது வெள்ளைக்காரன் 1945-ல் நடத்திய விசாரணையை, டில்லிச் செங்கோட்டையில் இளைஞர்கள் நடித்துக் காட்டியதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நானும் பேரனோடு அங்கே இருந்தேன். கட்டுரையில் கடைசியாக ஒரு வரி: "நம் டில்லித் தமிழ்ப் பிள்ளைகளும் ஆர்வமாக வேடிக்கை பார்த்தனர்." பெரிய மனசு பண்ணி எங்களுக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறீர்கள்.

உங்களுக்குத் தெரியாததா? மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் படையில் சேர்ந்தார்கள். என் அப்பா அவர்களில் ஒருவர். நேதாஜி இந்துஸ்தானியில் பேச, பக்கத்தில் நின்று ஒருவர் தமிழில் சொல்வாராம். "டில்லி சலோவுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை" என்பார் அப்பா.

சண்டை முடிந்து, ரஜூலா கப்பலில் ஒரு தகரப் பெட்டியோடு நாகப்பட்டினத்தில் வந்து இறங்கினார். 1972-ல் தியாகிகள் பென்ஷன் வந்தபோது, சிறையில் இருந்ததற்குச் சான்று கேட்டார்கள். தகரப் பெட்டியில் அது இல்லை. அவர் டில்லியைப் பார்த்தது 1981-ல், என் கல்யாணத்துக்குப் பிறகு, ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து. விசாரணை நடந்த, வெள்ளைக்காரன் கட்டிய செங்கோட்டைப் பாரக்குகள் அப்போது நம் ராணுவத்தின் கையில் இருந்தன. காவலுக்கு நின்றவர் கிட்டே விடவில்லை. அப்பா தள்ளி நின்று அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அதை வேண்டுமானால் வேடிக்கை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நடித்த பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. வக்கீல் புலாபாய் தேசாயாக வந்த பையன் பிரமாதம். ஷா நவாஸ் கான், சைகல், தில்லான் மூவரும் கூண்டில் நின்றபோது எனக்கே கண் கலங்கியது. ஆனால் ஜான்சி ராணிப் படை என்று ஒரு பெண்ணின் கையில் வாளைக் கொடுத்து, முதுகில் பொம்மைக் குழந்தையைக் கட்டி அனுப்பியிருந்தார்களே, அது யார் யோசனை? அது 1857-ன் ராணி. நேதாஜியின் இந்தப் பெண்கள் படைக்குத் தலைவி கேப்டன் லட்சுமி, மதராஸில் படித்த டாக்டர். அதில் சேர்ந்தவர்களில் பலர் தோட்டத்து வேலையிலிருந்து வந்த நம் பெண்கள். காக்கி உடுப்பில் துப்பாக்கி பிடித்தவர்கள். தமிழ்ப் பத்திரிகை நிருபர் இதைக் கவனிக்காமல் "தத்ரூபம்" என்று எழுதியிருக்கிறார்!

கொடி விஷயமும் அப்படித்தான். நேரு செங்கோட்டையில் முதலில் கொடி ஏற்றியது 1947 ஆகஸ்ட் 16-ல். நீங்கள் 15 என்று போட்டிருக்கிறீர்கள். போன வருஷமும் இதே தப்பு. சுட்டிக்காட்டி எழுதினேன். என் கடிதத்தில் உங்களைப் பாராட்டிய இரண்டு வரிகளை மட்டும் வெளியிட்டு, மிச்சத்தை இடமில்லை என்று வெட்டிவிட்டீர்கள். அப்புறம், அதே பக்கத்தில் மதராசி ஜோக்குக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்தது.

இந்தத் தடவை திருத்தம் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். சில வருஷங்களுக்கு முன், உங்கள் சுதந்திர தின மலருக்காக என் அப்பா காக்கி உடுப்பில் இருக்கும் படத்தைக் கேட்டு வாங்கினீர்கள். அச்சில் வரவில்லை. எங்களிடம் இருந்தது அந்த ஒரு படம்தான். தயவுசெய்து தேடிப் பார்த்துத் திருப்பி அனுப்புங்கள். தபால் செலவை நானே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருத்தி,
மயூர் விகார், டில்லி