நம் வி.எச்.எல். குடும்பங்களுக்கு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், ஏற்காட்டிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பி வந்திருக்கும் உறவுகளுக்கும், அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பேச வேண்டியது இந்த ஆண்டு சேர்ந்த மூன்று குடும்பங்களைப் பற்றி.

வி.எச்.எல். என்கிற வான் ஹிப்பல் லிண்டாவ் நோய், உடம்பின் பல இடங்களில் கட்டிகள் வளரும் பரம்பரை நோய்; சுமார் 36,000 பேரில் ஒருவருக்கு வருவது. விழித்திரையிலோ சிறுமூளையிலோ சிறுநீரகத்திலோ கட்டி என்றால் டாக்டர்களுக்குச் சந்தேகம் வரும். இவர்களுக்கு அப்படித் தொடங்கவில்லை.

அம்மாபேட்டைத் தறிக்காரர் மகனுக்குத் திடீர் திடீரென வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும். பரீட்சை பயம் என்று இரண்டு வருடம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கடைசியில் பார்த்தால் ரத்த அழுத்தம் 200/120, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியில் கட்டி. தயவுசெய்து கேளுங்கள்: ஆபரேஷனோ பிரசவமோ எதுவானாலும், முன்கூட்டியே இந்தக் கட்டி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் அழுத்தம் எகிறி உயிருக்கே ஆபத்து.

சூரமங்கலம் அண்ணனுக்கு ஹீமோகுளோபின் 18.5. உடம்பில் ரத்தம் நன்றாக ஊறுகிறது என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்களாம். சிறுமூளைக் கட்டி ரத்தம் ஊறவைக்கும் ஹார்மோனைச் சுரந்திருக்கிறது.

காபி எஸ்டேட் அக்காவுக்கு இடது காது மந்தம், இரைச்சல், தலைசுற்றல். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கினால் காது அடைக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டார். எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் உள்காதை ஒட்டிய கட்டி தெரிந்தது. அப்புறம் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் குடும்ப வரைபடம் போட்டோம். கண் போன பெரியப்பா, கிட்னிக் கட்டியில் இறந்த அத்தை, முப்பது வயதில் தள்ளாடி நடந்த தாத்தா. ஊரில் இதைக் குலசாபம் என்றார்களாம். சாபமில்லை அக்கா, மூன்றாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் பிழை. 1993-இல் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு சரிபாதி. ஐந்தில் ஒருவருக்குப் பெற்றோரிடம் இல்லாமலே புதிதாக வருவதும் உண்டு.

அதனால் ஒவ்வொரு வீட்டிலும் அந்த வரைபடம் வேண்டும். எந்த டாக்டரிடம் போனாலும் அதை முதலில் நீட்டுங்கள். கைக்குழந்தையிலேயே கண் பரிசோதனையைத் தொடங்குங்கள்.

வரைபடத்தில் நோய் உள்ளவர்களைக் கறுப்பாக நிரப்புவது வழக்கம். அக்கா தன் மகளுக்கு வட்டம் மட்டும் போட்டு, உள்ளே நிரப்பாமல் விட்டிருக்கிறார். மரபணுப் பரிசோதனை முடிவு அடுத்த மாதம் வருகிறது. அன்று நம்மில் இருவர் கூடப் போகிறோம்.