காகம் போட்ட கற்கள்: புதிதாகப் படிப்பிக்கப் போன மாணவிக்கு ஒரு கடிதம்

அன்பின் பிள்ளைக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. மூன்றாம் தரத்துக் கதைப் பாடங்களோடு சித்திரத்தையும் விஞ்ஞானச் செய்முறையையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், மட்டையும் பசையும் வாங்கியே சம்பளம் கரைகிறது என்றும், அப்படியிருந்தும் பிள்ளைகளின் மனதில் கதை நிற்பதாகத் தெரியவில்லை என்றும் குறைப்பட்டிருந்தீர். எனக்கு இது பழகிய குறைதான். நான் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில், தாகங்கொண்ட காகத்தின் கதைக்காகக் கறுப்புக் கடதாசியில் 32 காகங்களை வெட்டுவித்துச் சுவர் முழுவதும் ஒட்டினேன். பார்க்க வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த கிழமை, காகம் எதற்காகக் கல்லைப் போட்டது என்று கேட்டபோது, முன்வாங்கிலிருந்த பிள்ளை "கோபத்தில, ரீச்சர்" என்றது.

அந்தக் கதையில் காகத்தின் உருவம் ஒரு பொருட்டே அல்ல. ஏறுகின்ற நீர்மட்டம்தான் கதை. நான் வெட்டுவித்தது கதைக்கு வெளியே கிடந்த ஒன்றை. ஒரு செய்முறை கதையின் எந்த வசனத்திலிருந்து பிறக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாவிட்டால், அதைச் செய்யாமல் விடுவதே மேல் என்று அதன்பின் முடிவுசெய்துகொண்டேன்.

அடுத்த வருடம் வாய் அகன்ற மூன்று ஜாம் போத்தல்களை எடுத்து, ஒன்றில் கால், ஒன்றில் அரை, ஒன்றில் முக்கால் என்று நீர் ஊற்றி, கிணற்றடியில் பொறுக்கிய சிறு கற்களை ஒவ்வொன்றாகப் போடச் சொன்னேன். முக்கால் போத்தல் விரைவில் வழிந்தது. அரைப் போத்தலில் நீர் வாய்க்குக் கிட்டியது. கால் போத்தலில் மட்டும் நீர் பாதியைச் சற்றுத் தாண்டி நின்றுவிட, அதற்கு மேல் கற்கள் காய்ந்தபடி குவிந்தன. கற்களை எவ்வளவு நெருக்கிப் போட்டாலும் போத்தலின் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இடைவெளியாகவே இருக்கும். ஊற்றிய நீர் அந்த இடைவெளிகளை நிரப்பவே போதாதபோது மேலே வர வழியில்லை. இதை நான் விளக்கவில்லை. விளக்குவதற்குள் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்துவிட்டார்கள். "அடியில் கொஞ்சம் தண்ணீர்" என்றால் எவ்வளவு, கதை எழுதியவர் இதைச் செய்து பார்த்தாரா, காகம் உண்மையில் குடித்திருக்குமா என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. 'கொஞ்சம்' என்ற ஒரு சொல்லை அவர்கள் வேறெந்தப் பாடத்திலும் அத்தனை தடவை வாசித்ததில்லை.

ஈசாப்பின் பெயரில் வழங்கும் கதை அது. இங்கிலாந்தில் காக்கை இனத்துப் பறவைகளை வைத்து இதைச் சோதித்து 2009ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அவை குழாயில் கற்களைப் போட்டு நீரை உயர்த்தி, மிதந்த புழுவை எடுத்தன, பெரிய கற்களையே விரும்பிப் பொறுக்கவும் பழகின. பிள்ளைகளுக்குச் சொல்லும்; ஆனால் அவர்கள் வாதாடி முடிந்த பிறகு சொல்லும்.

சித்திரம் இதிலிருந்தே வரும். குடத்தை நெடுக்காக வெட்டினால் உள்ளே எப்படியிருக்கும் என்று கேட்டு, கற்களை வரைய வேண்டாம், கற்களுக்கிடையே உள்ள நீரை மட்டும் நீலத்தால் தீட்டுங்கள் என்று சொல்லிப் பாரும். நீலம் பரவப் பரவக் கற்கள் தாமாக வெள்ளையாய் வெளிவரும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். (நீலத்துக்கு வேலியில் படரும் சங்குப்பூவைக் கசக்கலாம். தேசிக்காய்ச் சாறு பட்டால் அது ஊதாவாகும். அந்த வேடிக்கையை மாத்திரம் வேறொரு நாளுக்கு வையும், இல்லாவிட்டால் காகம் மறந்துபோகும்.) அப்படித் தீட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு சிறுமி, "ரீச்சர், இது எங்கட கிணறு மாதிரியெல்லோ" என்றாள். நம்முடைய யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரிக்கு மட்டுந்தான். மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் துவாரங்களிலும் தங்கி, அங்கிருந்துதான் கிணறுகளில் ஊறுகிறது. காகத்துக்குக் கிடைக்காமற்போன அந்த நீரைத்தான் நாம் அள்ளிக் குடிக்கிறோம் என்பதை நான் அதற்கு முன் நினைத்ததே இல்லை.

பாட்டுப் பாடத்துக்கு நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் கத்தரித் தோட்டத்து வெருளிப் பாட்டை எடும் (வெருளி என்பது காகம் விரட்டத் தோட்டத்தில் நடும் பொம்மை). பழைய சேட்டும் வைக்கோலும் கொண்டு பிள்ளைகளே ஒரு வெருளியைச் செய்து பாடசாலைத் தோட்டத்தில் நட்டுவிட்டு, காகங்கள் எத்தனையாம் நாள் அதன் தலையில் வந்து குந்துகின்றன என்று கொப்பியில் குறிக்கட்டும். கூலியில்லாக் காவற்காரனைப் புலவர் புகழ்வதில் உள்ள குறும்பு, காகம் குந்திய மறுநாள் பாட்டை வாசித்தால்தான் அவர்களுக்குப் பிடிபடும். முதலே வாசித்தால் வெறும் பாராட்டாகப் போய்விடும்.

எல்லாக் கதைகளுக்கும் இப்படிச் செய்முறை தேட வேண்டாம். சில கதைகளை வாசித்துவிட்டுப் பேசாமல் இருப்பதே போதும். தவணைக்கு இரண்டு மூன்று கிடைத்தால் அதிகம். மேற்பார்வைக்கு வருபவர்கள் சுவர் வெறுமையாக இருப்பதாகச் சொன்னால், அந்த நீலப் படங்களை ஒட்டும்.

என்னுடைய ஜாம் போத்தல்கள் மூன்றும் இன்னும் குசினித் தட்டில் இருக்கின்றன. சனிக்கிழமை பின்னேரம் வாரும், கொண்டுபோகலாம். கற்களைக் கழுவிப் போட மறக்க வேண்டாம். மண்ணோடு போட்டால் நீர் கலங்கி, மட்டம் எங்கே என்று ஒரு பிள்ளைக்கும் தெரியாது.

அன்புடன்,
உம்முடைய பழைய ரீச்சர்