உதைக்கிறான் என்று சொல்லிச் சென்ற அக்காவுக்கு

அன்புடையீர்,

வணக்கம். வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்து, அவசர அறுவையில் அவன் பிறந்து, மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இருந்த கடந்த மூன்று வாரங்களில் நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். அவற்றை மீண்டும் விவரிக்கும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. பிள்ளை நேற்று மாலை வீட்டுக்கு வந்துவிட்டான். எடை 2 கிலோ 50 கிராம்.

அசைவு குறைந்திருக்கிறது என்று நான் தொலைபேசியில் சொன்னவுடன், "நாள் நெருங்கினால் அப்படித்தான்" என்று ஆறுதல் கூறாமல் உடனே கிளம்பச் சொன்ன கிராம சுகாதாரச் செவிலியர், 108 வண்டியின் ஓட்டுநர், இதயத் துடிப்பு வரைபடத்தைப் பார்த்ததும் அறுவைக்கு முடிவெடுத்த மருத்துவர், இரத்தம் தேவைப்படலாம் என்று விடியும்வரை காத்திருந்த என் கணவரின் நண்பர்கள், சோறு கொண்டுவந்த அண்டை வீட்டார் அனைவருக்கும் நாங்கள் கடமைப்பட்டுள்ளோம். நஞ்சுக்கொடி வழியாகப் போதிய ஆக்சிஜன் கிடைக்காத சிசு, இருப்பதைச் சேமித்துக்கொள்ளத் தன் அசைவைக் குறைத்துக்கொள்ளும் என்று மருத்துவர் பின்னர் விளக்கினார். முந்தைய இரவு முழுவதும் அவன் அப்படித் தாக்குப்பிடித்திருக்கிறான் என்பதை நினைக்கும்போது இப்போதும் நெஞ்சு நடுங்குகிறது.

இனி நான் எழுதுவது பச்சிளங்குழந்தைகள் பிரிவில் தரை துடைக்கும் அக்காவைப் பற்றி. பெயரைக் குறிப்பிடுவதை அவர் விரும்புவாரா என்று தெரியாததால் அக்கா என்றே எழுதுகிறேன்.

பிள்ளை மேல்மாடியில், பச்சிளங்குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் வார்மர் என்னும் படுக்கையில் இருந்தான். தையலோடு நான் கீழே கிடந்தேன். ஆக்சிஜன் அளவு, எடை, குழாய் வழியே கொடுத்த பாலின் அளவு என எல்லாவற்றையும் கணவர் வந்து சொல்வார். அசைகிறானா என்ற ஒன்றை மட்டும் வாய்விட்டுக் கேட்க எனக்குத் துணிவில்லை. இரண்டாம் நாள் காலை, எங்கள் வார்டைத் துடைக்க வந்த அக்கா என் கட்டிலருகே நின்று, "கண்ணு, மூணாவது வார்மர்ல இருக்கறது ஒம் பிள்ளைதானே? என்னா உதை உதைக்கிறான்! காலுறை நிக்க மாட்டேங்குது, நர்ஸம்மா ரெண்டு தடவ மாட்டிவிட்டாங்க" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். தையல் வலிக்க வலிக்க அழுதேன். அதன்பிறகு, நான் எழுந்து நடக்கும்வரை, ஒரு நாள்கூடத் தவறாமல் வந்து அன்றைய உதையைச் சொல்லிவிட்டுப் போனார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. அது அவருடைய வேலையும் அன்று. ஆறாம் நாள் கங்காரு பராமரிப்புக்காகப் பிள்ளையை என் மார்பில் கிடத்தியபோது, அந்தக் கால்கள் என் வயிற்றில் பட்டன, இம்முறை வெளியிலிருந்து.

இனி நான் செல்லும் ஒவ்வொரு வளைகாப்பிலும், வளையலோடு இதையும் சொல்லிவிட்டு வருவேன்: பேறுகாலம் நெருங்குவதால் அசைவு குறைய வேண்டியதில்லை, ஐயம் வந்தால் இடப்பக்கம் சாய்ந்து படுத்து அசைவுகளை எண்ண வேண்டும், 2 மணி நேரத்தில் 10 அசைவுகள் இல்லையென்றாலோ, எண்ணிக்கை சரியாக இருந்தும் வழக்கம்போல் இல்லையென்று மனத்துக்குப் பட்டாலோ, இனிப்பைக் குடித்துவிட்டு விடியட்டும் என்று காத்திராமல் அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வீட்டுக்குக் கிளம்பிய நேற்று அக்காவுக்கு விடுமுறை. இம்மடலைக் காணும் மருத்துவமனைப் பணியாளர்கள் யாரேனும் இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வரும் செவ்வாய்க்கிழமை காலை மறுபரிசோதனைக்கு வருகிறோம். காலுறை இன்னமும் நிற்பதில்லை என்று சொல்லுங்கள்.

நன்றியுடன்,
மூன்றாவது வார்மர் பிள்ளையின் தாய்