கூத்துக் காணொளிகளில் மத்தளம் பிந்துவது ஏன்?

ஆசிரியருக்கு,

மட்டக்களப்புக் கூத்துகளைப் பதிவேற்றுவோர் பெருகியிருப்பது நல்ல விடயம். ஆனால் பல காணொளிகளில் மத்தளம் அடித்துக் கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் கை விழுந்த பிறகே மத்தள அடி கேட்கிறது. கோளாறு பெரும்பாலும் எடிட் மென்பொருளில் படத்தையும் ஒலியையும் அடுக்கும் டைம்லைனில்தான்.

இரண்டு கமராவும் தனி ரெக்கோடரும் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித் தடத்தில் இடுங்கள். கை தோலில் படும் ஃபிரேமையும் ஒலி அலையின் கூர்முனையையும் நேராக்குங்கள். செக்கனுக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லிசெக்கன். இரண்டு மூன்று பிந்தினாலே மத்தளம் காட்டிக்கொடுத்துவிடும். தொடக்கத்தில் பொருந்தி, போகப்போக விலகினால் காரணம் வேறு. பல கைபேசிகள் மாறும் ஃபிரேம் வேகத்தில் பதிகின்றன. ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிய பின்பே எடிட் செய்யவேண்டும்.

பலர் சறுக்குவது ரிப்பிள் டிலீட்டில். படத்தில் வெட்டிய இடைவெளியை, பின்னால் உள்ளதை முன்னே இழுத்து அது மூடும்போது பூட்டிய ஒலித்தடம் நகராது. அதன்பின் வரும் அத்தனையும் விலகிவிடும். பாட்டு நடுவே வெட்டுவதே வீண்வேலை (தாளம் தெரிந்தவர் சகிக்கமாட்டார்). ரெக்கோடர் ஒலியை முழுதாக விட்டுப் பூட்டுங்கள். மேல்தடத்தில் வேண்டாத படத்தை ரிப்பிள் இல்லாமல் நீக்கினால், கீழ்த்தடத்துக் கமரா அந்த இடத்தில் தானாகத் தெரியும்.

வாசகர்,
மட்டக்களப்பு