நண்பனுக்குக் கடிதம்: ஓகஸ்ட் மாதத்தில் யானையும் கடலும் சிறுத்தையும்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் குகன்,

உன் கடிதமும், லண்டனில் உள்ள பயண முகவர் உனக்குப் போட்டுத் தந்த பதினொரு இரவுத் திட்டமும் கிடைத்தன. இங்கே கச்சான் காற்று எழும்பிவிட்டது. மத்தியானம் தெருவில் நிற்க ஏலாத வெக்கை. ஆனால் விடியப்புறம் கடல் குளம் மாதிரிக் கிடக்கிறது. கோட்டைக்குள் மான்கள் முன்னைப் போலவே ஆட்களுக்கு நடுவில் திரிகின்றன.

திட்டத்தை வடிவாகப் பார்த்தேன். ஹோட்டல்கள் எல்லாம் நல்ல தெரிவுதான். ஆனால் பதினொரு இரவுக்கு ஏழு இடம்: நீர்கொழும்பு, கண்டி, நுவரெலியா, யால, காலி, சிகிரியா, திருகோணமலை. இரண்டு நாளைக்கு ஒருக்கால் பெட்டி கட்ட வேண்டும். உங்கள் நாலு பேரோடு எழுபது தாண்டிய அப்பாவும் அம்மாவும் கூட வரும்போது, மலைப்பாதையில் சுற்றிச் சுற்றி வானுக்குள்ளேயே பாதி விடுமுறை போய்விடும். இவ்வளவு காசு கொடுத்து நீ வாங்க வேண்டியது நேரம், மச்சான். விலங்கு வெளியே வருகிற அந்த இரண்டு மூன்று மணித்தியாலம் நீ சரியான இடத்தில், உங்களுக்கென்றே பிடித்த ஜீப்பில், அவசரமில்லாமல் இருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றித்தான் கட்ட வேண்டும்.

அதனால் நான் சொல்வது இது: நீர்கொழும்பில் ஒரு இரவு, யானைப் பூங்காக்களுக்குப் பக்கத்தில் ஹபரணையில் மூன்று, திருகோணமலையில் நான்கு, சிறுத்தைக் காடான வில்பத்துவில் மூன்று. அங்கேயிருந்து புத்தளம் வழியாக நேரே கட்டுநாயக்கா விமான நிலையம். வரைபடத்தை எடுத்துப் பார், ஒரு வட்டம் போல வரும். போன பாதையில் திரும்பி வருவது இல்லை. ஹபரணையிலிருந்து திருகோணமலை 85 கிலோமீற்றர் அளவு. திருகோணமலையிலிருந்து ஹொரவப்பொத்தானை, அநுராதபுரம் வழியாக வில்பத்து மூன்று, மூன்றரை மணித்தியாலம். கண்டியையும் நுவரெலியாவையும் விடு. ஓகஸ்ட் பெரஹரா ஊர்வல நாட்களில் கண்டியில் அறை கிடைப்பதே பாடு.

முதலில் ஹபரணை, கடைசியில் வில்பத்து என்று வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கோடையில் லண்டனுக்கும் எங்களுக்கும் நாலரை மணித்தியால வித்தியாசம். இங்கே விடிய ஐந்து மணி என்றால் பிள்ளைகளின் உடம்புக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. வந்த இரண்டாம் நாளே அவர்களை எழுப்பிச் சிறுத்தை பார்க்கக் கொண்டுபோனால் ஜீப்புக்குள் நித்திரைதான் கொள்வார்கள். யானையோ பின்னேரத்து விலங்கு. ஆறுதலாக எழும்பி, மத்தியானச் சாப்பாடு முடித்துப் புறப்பட்டால் போதும். ஒரு கிழமைக்குப் பிறகு உடம்பு பழகியிருக்கும். அப்போது விடியற்காலை வில்பத்து.

யானைக் கூட்டம் பற்றிக் கேட்டிருந்தாய். மின்னேரியாக் குளம் ஏறத்தாழ 1,700 வருடத்துக்கு முன் மகாசேன மன்னன் கட்டியது. வறட்சி மாதங்களில், முக்கியமாக ஜூலை முதல் செப்டெம்பர் வரை, குளத்துத் தண்ணீர் பின்வாங்கும். விலகின சேற்று நிலத்தில் இளம்புல் முளைக்கும். சுற்றுக் காடெல்லாம் காய்ந்து கிடக்கிற நேரத்தில் பச்சைப் புல்லும் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைப்பதால் நூற்றுக்கணக்கில் யானைகள் அங்கே வந்து சேரும். ஆனால் அண்மைய வருடங்களில் மொரகஹகந்த நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் வருவதால் சில காலம் மின்னேரியா வறட்சியிலும் நிரம்பியே கிடக்கிறது. புல் வெளி தண்ணீருக்குள் போய்விட்டால் யானைக்கு அங்கே வேலை இல்லை. பக்கத்துக் கவுடுல்லவுக்கோ ஹுருலு காட்டுக்கோ போய்விடும். உன் முகவரின் தாளில் மூன்று பின்னேரமும் ‘மின்னேரியா’ என்றே அச்சடித்திருக்கிறது. அதை அழிப்பித்து, ‘அன்றைக்கு யானை நிற்கும் பூங்கா’ என்று எழுதச் சொல். எந்தப் பூங்கா என்பதை அன்றன்று மத்தியானம் ஹபரணை ஜீப்காரர் சொல்லட்டும். முதல் நாள் பின்னேரம் போய் வந்தவர்களிடம் விசாரித்து வைத்திருப்பார்கள்.

பூங்காவுக்குள் இரண்டரை மணிக்கே போய்விடுங்கள். யானைக் கூட்டம் நாலு மணிக்குப் பிறகு வரும்; அதற்குள் நல்ல இடத்தில் ஜீப்பை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். பிறகு துரத்த வேண்டாம், யானை தானாக வரும். பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லி வை: யானை புல்லுத் தின்கிற விதத்தைப் பார்க்கச் சொல். முன்னங்கால் நகத்தால் புல்லை மெல்ல மெல்ல உதைத்துப் பெயர்க்கும். தும்பிக்கையால் கூட்டி ஒரு பிடியாகச் சுருட்டும். அப்படியே வாயில் வைக்காது. காலில் இரண்டு தரம் அடித்து, வேரில் ஒட்டின மண்ணை உதிர்த்துவிட்டுத்தான் தின்னும். குட்டிகள் இதைப் பழகுவதற்குப் படுகிற பாடு தனியாகப் பார்க்க வேண்டியது. கொம்பன் யானை காட்டச் சொல்லி மகன் கேட்டால் ஏமாற்றாதே: எங்கள் நாட்டு ஆண் யானைகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவற்றுக்குத்தான் தந்தம்.

ஹபரணையில் காலை நேரம் சும்மா கிடக்கும். ஒரு நாள் சிகிரியாக் குன்று. 1,200 படி அளவு. வாசல் திறக்கும் நேரத்துக்கே நீங்கள் நாலு பேரும் அங்கே நிற்க வேண்டும். பிந்தினால் வெயிலும் நெரிசலும் சேர்ந்து இரும்புப் படியில் மாட்டிவிடும். அங்கே குளவிக்கூடு உண்டு. சத்தம் போடாமல் ஏறுவது அதற்காகத்தான். ஓவியங்களைப் படம் எடுக்க விடமாட்டார்கள். அப்பா அம்மா அன்று ஹோட்டலிலேயே இருக்கட்டும். அடுத்த நாள் பொலன்னறுவைக்கு அவர்களையும் கூட்டிப் போ. எல்லாரும் கல் விகாரையோடு திரும்பிவிடுவார்கள். நீ இரண்டாம் சிவ தேவாலயத்துக்குக் கட்டாயம் போக வேண்டும். சோழர் காலத்து முழுக் கற்றளி, சுவரில் தமிழ் எழுத்து. அப்பா கையால் தடவிப் பார்ப்பார். ஆளுக்கொரு சோடி தடித்த காலுறை கொண்டுபோங்கள். செருப்பைக் கழற்ற வேண்டிய இடங்களில் பத்து மணிக்கே கல் அடுப்பு மாதிரிக் கொதிக்கும்.

ஹபரணையிலிருந்து இங்கே வரும்போது கந்தளாய்ப் பாதையில் இருட்டின பிறகு வர வேண்டாம். யானை றோட்டைக் கடக்கும் இடங்கள் அவை. பகலில் றோட்டோரம் தனி யானை நின்றால் சாரதி வானை நிறுத்தி வாழைப்பழம் கொடுக்கப் பார்ப்பார், விடாதே. அப்படிப் பழக்கப்பட்ட யானைதான் பிறகு வாகனத்தை மறிக்கிறது.

எங்கள் ஊரைப் பற்றி உனக்கு நான் எழுதத் தேவையில்லை. கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்றில் விடிய ஒரு குளிப்பு, இவையெல்லாம் நீ அறிந்தவை. புறாமலைத் தீவு பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2003இல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். இப்போது டிக்கட் எடுத்துத்தான் போகலாம். சனி ஞாயிறும் போயா (பௌர்ணமி) விடுமுறையும் தவிர்த்து, நிலாவெளியிலிருந்து முதல் படகில் போ. காலையில் தண்ணீர் தெளிவு. நேரம் போகப் போகக் காற்றும் அலையும் ஆட்களின் காலும் சேர்ந்து கலக்கிவிடும். செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் இடுப்பளவு தண்ணீருக்கே வரும். ஆட்களை ஒன்றும் செய்யாது. பிள்ளைகள் பயந்து கால் உதறாமல் மிதந்தால் பக்கத்திலேயே சுற்றும். பிழை நடப்பது களைத்துப்போய் எழும்பி நிற்கும்போதுதான். காலுக்குக் கீழே இருப்பது உயிருள்ள முருகைக்கல். அதுவும் உடையும், காலும் கிழியும். நன்றாக நீந்தத் தெரிந்தாலும் மிதவைச் சட்டை போடு. களைத்தால் நிற்காமல் அப்படியே மிதக்கலாம். வெயிலுக்கு எண்ணெய் பூசுவதை விட முழுக்கைச் சட்டை நல்லது. கரை முழுக்க முருகைக்கல் துண்டு, நிழலும் குறைவு. அம்மாவைக் கூட்டிப் போகாதே.

திமிங்கிலம் என்று திட்டத்தில் ஒரு காலை போட்டு, தனிப் படகுக்குப் பெரிய தொகை எழுதியிருக்கிறார்கள். எங்கள் கடலில் நீலத் திமிங்கிலம் நன்றாகக் காண்பது மார்ச், ஏப்ரல் மாதங்களில். ஓகஸ்டில் கண்டால் அதிர்ஷ்டம். அந்தக் காசை வில்பத்துவில் போடு.

அந்த நாலு நாளில் ஒரு நாளையாவது வெறுமையாக விடு. முகவர்கள் வெறும் நாளைக் கண்டால் எதையாவது போட்டு நிரப்பப் பார்ப்பார்கள். அப்பா தன் பழைய ஆட்களைப் பார்க்க ஆசைப்படுவார், அதற்கு அட்டவணை சரிவராது.

இனி வில்பத்து. நீ யாலவைக் கேட்டதற்குக் காரணம் தெரியும். சிறுத்தை அங்கேதான் சுலபம் என்று எல்லாரும் சொல்வது பொய்யில்லை. ஆனால் ஒரு சிறுத்தை தெரிந்தால் ஒருவருக்கொருவர் போனில் சொல்லி இருபது முப்பது ஜீப் வந்து அடைத்துவிடும். செப்டெம்பரில் வறட்சிக்காக முதலாம் வலயத்தை வழக்கமாக மூடுகிறார்கள், ஆகவே ஓகஸ்ட் கடைசியில் நெரிசல் இன்னும் கூடும். வில்பத்து 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேல், நாட்டிலேயே பெரிய பூங்கா. காட்டுக்குள் வில்லு என்கிற இயற்கை நீர்நிலைகள் நிறைய. வறட்சியில் அவை சுருங்கச் சுருங்க, மிச்சத் தண்ணீரைத் தேடி மானும் பன்றியும் வரும், அவற்றின் பின்னால் சிறுத்தை வரும். புலியோ சிங்கமோ இல்லாத தீவு இது. சிறுத்தைக்கு மேலே ஆள் இல்லாததால் பகலிலும் மணல் பாதையில் படுத்துக் கிடக்கும். கரடி மே முதல் ஜூலை வரை பாலைப்பழக் காலத்தில்தான் நன்றாகத் தெரியும். ஓகஸ்டில் அதை நம்பிப் போகாதே.

தங்குமிடத்தை ஹுனுவிலகம வாசலுக்குப் பக்கத்தில் எடு. கூடாரத் தங்குமிடங்கள் அங்கே உண்டு; குளியலறையோடு கூடிய பெரிய கூடாரம், அம்மாவுக்கும் கஷ்டமில்லை. அநுராதபுரத்தில் தங்கினால் ஒவ்வொரு விடியலிலும் ஒரு மணித்தியாலத்தை றோட்டில் கொடுக்க வேண்டும். வாசல் ஆறு மணிக்குத் திறக்கும், ஐந்தே முக்காலுக்கு வரிசையில் நிற்க வேண்டும். முதலில் போகிற ஜீப்புக்குத்தான் இரவு மணலில் பதிந்த கால்தடம் அழியாமல் கிடைக்கும். தடம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, எஞ்சினை அணைத்துக் காது கொடுப்பார்கள். புள்ளிமான் கீச்சென்று திரும்பத் திரும்பக் கத்தினால், மரத்தில் மந்தி இருமுகிற மாதிரிச் சத்தம் போட்டால், பக்கத்தில் சிறுத்தை நடமாடுகிறது. அந்த நேரம் ஜீப்புக்குள் ஒருவரும் கதைக்கக் கூடாது. காலைச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போ. பிளாஸ்டிக் பையை வாசலில் பறித்துவிடுவார்கள், துணிப்பையில் கட்டு.

ஒரு நாள் மட்டும் முழுப்பகல் சவாரி, அது உங்கள் நாலு பேருக்கு. அப்பா அம்மாவுக்கு அரைநாள் போதும். பின் இருக்கை அச்சுக்கு மேலே இருப்பதால் குலுக்கல் முழுவதும் அங்கேதான். அவர்களை முன் வரிசையில் இருத்து. அனுமதித்த இடங்களைத் தவிர வேறெங்கும் இறங்க முடியாது, கழிப்பறை உட்பட. ஆபிரிக்கச் சவாரி போல இரவில் சுற்றுவதோ பாதையை விட்டு விலகி ஓட்டுவதோ எங்கள் பூங்காக்களில் இல்லை. ஆனால் அங்கே போகிறவர்கள் விழுங்கும் மலேரியாக் குளிசை இங்கே தேவைப்படாது. 2016இல் இலங்கையில் மலேரியா ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. டெங்குதான் கவனம், அந்த நுளம்பு பகலில் கடிக்கும்.

மகனின் கமராவுக்கு 400 மில்லிமீற்றர் வில்லை இருந்தால் நல்லது. முக்காலி ஜீப்புக்குள் பிரயோசனமில்லை. ஒரு கிலோ பயறு போட்டுத் தைத்த துணிப்பை ஒன்றை ஜீப் கம்பியில் வைத்து, அதன் மேல் வில்லையைப் படுக்க வைத்தால் ஆடாது. புழுதிக்குள் வில்லை மாற்ற வேண்டாம். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிட்டு வா. காட்டிலும் தொல்லை, கடற்படை முகாமுள்ள எங்கள் ஊரில் அதை விடத் தொல்லை.

முகவருக்கு எழுதும்போது இவற்றை எழுத்திலேயே கேட்டு வாங்கு. ‘தனி ஜீப்’ என்றால் உங்கள் ஆறு பேருக்கு மட்டும்தானா? பூங்கா டிக்கட் சேர்த்தியா? தலைக்கு நுழைவுக் கட்டணம், குழுவுக்கொரு சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், அதற்கு மேல் வரி என்று அது பல துண்டு. விலையைக் குறைத்துக் காட்ட இதைத்தான் வெளியே விடுவார்கள். ஒரே நாளில் காலையும் பின்னேரமும் போனால் எத்தனை டிக்கட் கணக்கிட்டிருக்கிறார்கள்? வெளிநாட்டவருக்கும் இலங்கையருக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அப்பா அம்மாவின் தேசிய அடையாள அட்டையை மறக்காமல் கொண்டு வா. வழிகாட்டிக்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் உண்டா, தமிழ் தெரியுமா? சாரதிக்கு ஒவ்வொரு ஹோட்டலிலும் படுக்கையும் சாப்பாடும் உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியைச் சின்னதாக நினைக்காதே. வானுக்குள் கால் மடக்கிப் படுத்து எழும்பினவர்தான் அடுத்த நாள் உன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டப் போகிறார். ஆறு பேரும் பெட்டிகளும் என்றால் கேடிஎச் என்கிற பெரிய வான் வேண்டும், அதைவிடச் சின்னதற்குச் சம்மதிக்காதே.

அப்பாவின் முழங்கால் இப்போது எப்படி என்று அடுத்த கடிதத்தில் எழுது. ஜீப்பின் படி இடுப்பளவு உயரம். முடியாதென்றால் இரண்டு தட்டுள்ள மரப்படி ஒன்று இங்கே செய்வித்து வைக்கிறேன். வானிலேயே போட்டுக்கொண்டு வில்பத்துவுக்குக் கொண்டுபோகலாம்.

அன்புடன்,
சிவா